அக்கி எழுதிய வயிறு

கீரப்பாளையம்
18-02-2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி இளமதி எழுதுகிறேன். மனைவி என்று போட்டதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்னும் யாரும் இல்லை என்று சொல்லவில்லையே.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று சிரிப்பீர்கள். வேறென்ன செய்வது? நான் போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பதில் எடுத்துக் கொடுக்கிறார்கள். நீங்கள் பேசினால் என் அண்ணன் அதை ரெக்கார்டு பண்ணிச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுகிறான். அவன் செய்தது தப்புதான், வாய் வலிக்கத் திட்டிவிட்டேன். ஆக, புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள ஒரு இடமில்லை. ஐஸ் கம்பெனி விலாசத்துக்கு எழுதுவது அதனால்தான். முதுநகர் வீட்டுக்குப் போட்டால் யார் கையில் சேரும் என்று எனக்குத் தெரியும்.

பாப்பா முந்தாநாள் சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். குறைமாதத்தில் பிறந்தவள், பூனைக்குட்டி மாதிரிதான் இருக்கிறாள். ஆனால் பால் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பிள்ளை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மூக்கு உங்களுடையது. காது மடல் அத்தையுடையது. அவர்களிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படட்டும்.

அவள் மேலில் இருந்த கொப்புளம் எல்லாம் காய்ந்துவிட்டது. நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தோல் உரிந்த இடம் மட்டும் ரோஸ் கலரில் தெரிகிறது. புதிதாக ஒன்றுகூடக் கிளம்பவில்லை. எனக்குத்தான் பிரசவமான கையோடு மறுபடியும் உடம்பு முழுக்கப் பொங்கிவிட்டது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதற்குள் கடலூர் பஸ் ஏறிவிட்டீர்கள். இப்போது பரவாயில்லை, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள்.

உங்கள் தெருவில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறதாமே. அதனால் தோல் டாக்டர் பிரிசில்லா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது அம்மையும் இல்ல, அக்கியும் இல்ல. கிருமியே கிடையாது, யாருக்கும் ஒட்டாது. கர்ப்பமா இருக்கறப்ப ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராது, உங்களுக்கு வந்திருக்கு. உடம்பைக் காப்பாத்த வேண்டிய சக்தி சொந்தத் தோலையே அடிக்குது. காவலுக்கு வச்ச நாய் வீட்டுக்காரனைக் கடிக்கற மாதிரி. உங்க ரத்தத்துல இருக்கறது கொடி வழியா குழந்தைக்கும் கொஞ்சம் போயிருக்கு. அது தீர்ந்ததும் குழந்தைக்குத் தானா சரியாயிடும்." அவர் சொன்னபடிதான் ஆகியிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன் மாமா. பாப்பா பிறந்த மறுநாள் நீங்களும் அத்தையும் வந்தீர்கள். கண்ணாடி ரூமுக்கு வெளியே நின்று பார்த்தீர்கள். "அய்யய்யோ, புள்ள மேலயும் ஏறிடுச்சேடா" என்று அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்களாம். நர்ஸ் உங்களைப் பார்த்து, "அப்பா கை கழுவிட்டு உள்ள வாங்க" என்றாளாம். நீங்கள் குழாயடிக்குப் போய்ச் சோப்புகூடப் போட்டீர்களாம். அதற்குள் அத்தை கூப்பிட்டதும் கையை அலம்பிக்கொண்டு அப்படியே வெளியே போய்விட்டீர்களாம். நர்ஸ்தான் வந்து சொன்னாள். சோப்பு போட்ட கையைத் துடைத்துக்கொண்டு எங்கே போனீர்கள்?

போனது போகட்டும். வருகிற மார்ச் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போட்டுப் பேர் வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார். பெரிய விசேஷம் எதுவும் இல்லை, நம் ஆட்கள் பத்துப் பேர். நீங்கள் வந்து பாப்பாவைக் கையில் வாங்கி, காதில் பேரைச் சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒரு தடவை தூக்குங்கள், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
இளமதி

*

முதுநகர், கடலூர்
25-02-2024

என் அன்பு மதிக்கு,

செல்வன் எழுதுவது. உன் கடிதத்தை ஐஸ் உடைக்கிற மெஷின் பக்கத்தில் நின்று மூன்று தடவை படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு வண்டிக்கார சார்லஸ், "இன்னா மச்சான், அமோனியா லீக்கா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. அம்மா வைக்கிற குழம்பில் ஒரு நாள் உப்பு ஜாஸ்தி, ஒரு நாள் கம்மி. உன் தலையணையைத்தான் வைத்துப் படுக்கிறேன். பாப்பாவுக்கு என் மூக்கு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியில் என் மூக்கைப் பார்த்தேன்.

வரக்கூடாது என்று எனக்கு என்ன வேண்டுதலா? என் நிலைமையையும் நீ யோசிக்க வேண்டும். தங்கச்சி தமிழ்ச்செல்வி வீட்டுக்கு வந்திருக்கிறது. நாலு மாசம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஏறாத கோயில் இல்லை, இப்போதுதான் தங்கியிருக்கிறது. அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "நீ அங்க போயி தொட்டுட்டு வந்து, மாசமா இருக்கறவ பொழங்கற வூட்டுல கால வைப்பியா? அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா நீ பதில் சொல்லுவியா?" என்று கேட்கிறது.

ஒட்டாது என்று நீ சொல்கிறாய், நான் நம்புகிறேன். ஆனால் பாப்பா மேலேயே வந்துவிட்டதே, ஒட்டாமலா வந்தது என்று அம்மா கேட்கிறது. அதனால் ஒரு காரியம் செய். அந்த டாக்டரம்மாவிடம் சொல்லி, இது தொற்று இல்லை என்று சீல் வைத்து ஒரு லெட்டர் வாங்கி அனுப்பு. எனக்காக இல்லை, நம்பாதவர்களுக்காகக் கேட்கிறேன்.

இன்னொன்று. உன் அம்மா வழியில் யாருக்காவது இந்த மாதிரி தோல் வியாதி இருந்திருக்கிறதா என்று அம்மா விசாரிக்கச் சொன்னது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மாத்திரை விஷயத்தை உன் அப்பாவிடம் நீ சொல்லியிருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் முன்னால் அவர் என்னைக் கொலைகாரன் என்றார். நான் நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அது உனக்கே தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. சொறியாதே.

என்றும் உன்,
செல்வன்

*

கீரப்பாளையம்
01-03-2024

அன்புள்ள மாமாவுக்கு,

டாக்டர் லெட்டர் இதோடு இருக்கிறது. கையெழுத்து, சீல், ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் இருக்கிறது. பெற்ற பிள்ளையைத் தூக்க அப்பனுக்குச் சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

என் அம்மா வழியில் யாருக்கும் இல்லை. அப்பா வழியிலும் இல்லை. விசாரித்தாயிற்று என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

வளைகாப்பு முடிந்து, இன்னும் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். தொப்புளைச் சுற்றி அரிப்பு எடுத்தது. வயிறு விரிகிறது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அப்புறம் தடிப்பு, அப்புறம் கொப்புளம், உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டு திராட்சைப்பழம் மாதிரி. ராத்திரி முழுக்க நீங்கள் விசிறி வீசினீர்கள், அதை நான் மறக்கவில்லை. நாம் ரெண்டு பேரும்தான் சிதம்பரம் போய் டாக்டரைப் பார்த்தோம். தோலில் துளி வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்து, "நிறுத்தவே கூடாது, குறைக்கறதா இருந்தா நான்தான் குறைப்பேன்" என்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். ஒரு வாரத்தில் அடங்க ஆரம்பித்தது.

அப்புறம்தான் அத்தை என் சேலையை விலக்கிப் பார்த்தார்கள். "இது அக்கிடா. இடுப்பச் சுத்திகினு வருது பாரு. தலையும் வாலும் ஒண்ணு சேந்துச்சின்னா ரெண்டு உசுரும் தங்காது" என்றார்கள். அத்தை நிஜமாகவே பயந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கண்டது அவ்வளவுதான். நீங்கள் டிப்ளமோ படித்தவர். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவர்.

அக்கி எழுதுகிற பொன்னுரங்கம் வீட்டுக்கு என்னை ஆட்டோவில் கூட்டிப் போனது நீங்கள். அவர் காவிமண்ணைக் குழைத்துக் கோழி இறகால் வயிறு முழுக்கப் பூசினார். தொப்புளுக்கு மேலே ஒரு சிங்கம் எழுதினார். ஜில்லென்று இருந்தது, சுகமாகக்கூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவர் பேரில் எனக்கு ஒன்றும் இல்லை. அக்கி என்று சொல்லி அழைத்துப் போனால் அக்கிக்கு எழுதத்தானே செய்வார். "மூணு வாட்டி எழுதணும். எழுதற வரைக்கும் மேலுக்குத் தண்ணி படக்கூடாது, வேற மருந்து எதுவும் ஆவாது" என்றார். அன்று சாயங்காலம் என் மாத்திரையை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டியது அத்தை இல்லை. நீங்கள். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டதும் நீங்கள்தான். நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "மூணு வாட்டிதானடி, அம்மா மனசுக்காக" என்றீர்கள்.

மூன்றாவது தடவைக்குள் கொப்புளம் உடைந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டது. மண் காய்ந்து வெடித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. சீழ் வைத்து, நாற்றம் எடுத்து, காய்ச்சல் வந்து, என் அப்பா வந்து பார்த்துவிட்டுக் கதறிக்கொண்டு காரில் போட்டுச் சிதம்பரம் கொண்டு வந்தார். வந்த ரெண்டாம் நாள் வலி எடுத்துவிட்டது. மாத்திரையை நிறுத்தியதுதான் குறைமாதத்துக்குக் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். "இந்த வியாதிலயே சிலருக்கு முன்னாடி பிறக்கும். உறுதியா சொல்ல முடியாது" என்றார். உங்களுக்கு அந்த அளவுக்குத் தப்பிக்க இடம் இருக்கிறது. பிடித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சண்டைக்காக எழுதவில்லை. ஒரு தடவை வெளியே கொட்டிவிட்டால் அப்புறம் உங்களோடு குடித்தனம் பண்ண முடியும் என்று நினைத்து எழுதினேன். கொட்டியாகிவிட்டது. பத்தாம் தேதி வாருங்கள். காலை பத்தரைக்கு மேல் நல்ல நேரம். பேர் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் எதுவும் முடிவு செய்யவில்லை. தமிழ்ச்செல்விக்குப் பயமாக இருந்தால் வீட்டுக்குப் போனதும் குளித்துவிடுங்கள். சாவு வீட்டுக்குப் போனாலும் குளிக்கத்தானே செய்கிறோம்.

இளமதி

*

முதுநகர்
14-03-2024

என் அன்பு மதிக்கு,

சார்லஸ் சிதம்பரம் பக்கம் லோடு இறக்க வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பையில் பாப்பாவுக்கு ரெண்டு கவுன், ஒரு வெள்ளிக் கொலுசு. உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடும் வைத்திருக்கிறேன், ஆனால் இப்போது சாப்பிடாதே, அரிப்பு கிளம்பும்.

பத்தாம் தேதி கிளம்பினேன் மதி. சத்தியமாக. சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன். அன்று காலையில் பார்த்துத் தமிழ்ச்செல்விக்கு லேசாக வயிற்றை வலித்தது. அம்மா வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. என்னைத் தாண்டிக்கொண்டு போ என்றது. பெற்ற தாயைத் தாண்ட முடியுமா? அப்புறம் பார்த்தால் அது வெறும் வாயு.

டாக்டர் லெட்டரை அம்மா தெருமுனை மெடிக்கல்காரரிடம் காட்டியது. அவர் படித்துவிட்டு, "ஒட்டாதுன்னுதான் போட்டிருக்காங்க. ஆனா கடைசியில பாருங்க, அடுத்த பிரசவத்துலயும் வரலாம், இன்னும் சீக்கிரமா, இன்னும் ஜாஸ்தியா வரலாம்னு இருக்குது" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே பிள்ளை, அவனுக்கு வாரிசு வேண்டாமா என்று புலம்புகிறது. நான், அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதுதானே ஒன்று ஆகியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் ரொம்ப யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கோபப்படாமல் படி. நீ மட்டும் முதலில் வந்துவிடு. உனக்கு இப்போது மேலில் ஒன்றும் இல்லை, அம்மாவும் சரி என்கிறது. பாப்பா உன் அம்மாவிடம் இருக்கட்டும், தமிழ்ச்செல்விக்குப் பிரசவம் ஆகிற வரைக்கும்தான். ஆடி மாசம் வரைக்கும் என்று வைத்துக்கொள். பாலுக்கு என்ன, இப்போது நல்ல நல்ல பவுடர் வருகிறது, வாங்கித் தருவது என் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு தடவை நீ போய்ப் பார்த்துவிட்டு வா. யார் வேண்டாம் என்றது?

தனியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். நீ வந்துவிட்டால் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டிவிடலாம்.

பேர் வைத்துவிட்டீர்களா? ஜோசியர் 'வி' எழுத்தில் வைக்கச் சொல்கிறார்.

உன்னையே நினைத்திருக்கும்,
செல்வன்

*

கீரப்பாளையம்
20-03-2024

மாமா,

பேர் வைத்தாயிற்று. இளவரசி. 'வி' எழுத்து இல்லை. கொஞ்சம் பெரிய பேராகவே வைத்தேன். சின்னதாக வைத்தால், இளமதியை மதி ஆக்கின மாதிரி, உங்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் வெட்டிவிடுவீர்கள்.

பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிதம்பரம் பக்கமிருந்து வந்த பஸ் ஒவ்வொன்றையும் என் அண்ணன் ஓடி ஓடிப் பார்த்தான். உங்களை வாட்ஸப்பில் நாறடித்தவன்தான். அன்றைக்கு உங்களுக்காக ரோட்டில் நின்றான். கடைசியில் காதில் பேரை நானே சொன்னேன். அம்மா சொல்லலாமா கூடாதா என்று ஒரு பெரியம்மா இழுத்தார்கள். அப்பா, "பெத்தவ சொல்லாம பக்கத்து வூட்டுக்காரனா சொல்லுவான்?" என்று சத்தம் போட்டார். அப்புறம் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

உங்கள் பை வந்து சேர்ந்தது. சார்லஸ் அண்ணன் பையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பவில்லை. குழாயடியில் கையையும் காலையும் கழுவிக்கொண்டு, "குடு தங்கச்சி" என்று பாப்பாவை வாங்கிக்கொண்டார். மீன் வண்டி ஓட்டுகிற மனுஷன், மேலெல்லாம் மீன் வாசம். பாப்பா அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "அப்பிடியே மச்சான் அச்சு" என்றார். அவர் போன பிறகு உள்ளே போய் அழுதேன். யாருக்காவது ஒட்டிக்கொண்டதா என்று கேளுங்கள் அவரை. ஒரே கம்பெனிதானே.

இப்போது உங்கள் முடிவுக்கு வருகிறேன். நான் மட்டும் வர வேண்டும். பிறந்து ரெண்டு மாதம்கூட ஆகாத பிள்ளையை, எடைக்காகப் பால் பால் என்று டாக்டர் அடித்துக்கொள்கிற பிள்ளையை, பவுடரைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, உங்களுக்குத் தலையணை சரியில்லை என்பதற்காக வர வேண்டும். இதை எழுதும்போது உங்கள் பேனா நிற்கவே இல்லையா? கருவாடு சாப்பிடாதே என்று அக்கறையாகச் சொல்கிற அதே கை எப்படி இதையும் எழுதியது? உங்களைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்குச் சுலபம். நீங்கள் கெட்டவரும் இல்லை. மதில்மேல் பூனை. அந்தப் பக்கம் குதித்தாலாவது திட்டித் தீர்த்துவிடுவேன்.

யார் வழியில் வந்தது என்று அத்தை கேட்டார்களே, அதை நான் டாக்டரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். குழந்தைக்குக் கர்ப்பத்தில் சோறு போடுகிற நஞ்சுக்கொடியில் பாதி அப்பாவுடையதாம். சில பெண்கள் உடம்பு அந்தப் பாதியை, இது நம்முடையது இல்லை என்று எதிர்க்க ஆரம்பிக்குமாம். அந்த எதிர்ப்புதான் திரும்பிச் சொந்தத் தோல் மேல் பாய்கிறது என்று நினைக்கிறார்களாம். "இதுல உங்க தப்பும் இல்ல, அவர் தப்பும் இல்ல. அவரைப் போயி குத்திக் காட்டாதீங்க" என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். இருந்தும் எழுதுகிறேன், மனசு கேட்கவில்லை. உங்கள் பாதியை என் உடம்பு வேண்டாம் என்றிருக்கிறது மாமா. எனக்குப் புரிவதற்கு முன்னாலேயே அதற்குப் புரிந்துவிட்டது.

அத்தை கேட்கிற வாரிசைப் பற்றி. அடுத்தது வேண்டுமா என்பதை நான்தான் முடிவு செய்வேன். வேண்டாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த அரிப்பு உங்களுக்கு வந்திருந்தால் வாரிசு என்கிற வார்த்தை உங்கள் வாயில் வராது.

நான் தனியாக வர மாட்டேன். பாப்பாவும் நானும் சேர்ந்துதான். கூப்பிட வேண்டியது நீங்கள், வந்து கூப்பிட வேண்டும். இன்னமும் கதவு திறந்துதான் இருக்கிறது. அது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் திறந்திருக்கிறது.

இளமதி

*

முதுநகர்
11-08-2024

என் அன்பு மதிக்கு,

உன் கோபம் ஆறட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பேன்.

நல்ல செய்தி. தமிழ்ச்செல்விக்கு ஆடியில் ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம், மூணு கிலோ. ஆடியில் ஆண் பிறந்தால் ஆகாது என்று அம்மா முதலில் முகத்தைத் தூக்கியது, இப்போது மடியை விட்டு இறக்குவதில்லை. போன வாரம் சொந்தக்காரர்கள் எல்லாம் பார்க்க வந்திருந்தார்கள். எல்லோரும் என்னைக் கேட்டார்கள், "உன் பொண்ணு எங்கடா?" என்று. எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு அம்மாவிடம் முதல் தடவையாகச் சத்தம் போட்டேன் மதி. சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா அசந்துபோய்விட்டது.

அம்மா இறங்கி வந்துவிட்டது. உன்னையும் பாப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டு வரச் சொல்லிவிட்டது. திருவந்திபுரத்தில் பாப்பாவுக்கு மொட்டை அடித்து, அப்படியே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். நான் நாள்கூடப் பார்த்துவிட்டேன், வருகிற இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை.

ஒரே ஒரு விஷயம். கைக்குழந்தை வீட்டில் இருக்கிறது இல்லையா, அம்மாவுக்கு ஒரு மனத்திருப்திக்காக. பாப்பாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சட்டை இல்லாமல், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உள்ளங்காலும் தெரிகிற மாதிரி. நல்ல வெளிச்சத்தில் எடு. அம்மா பார்த்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. எனக்காக இதை ஒன்று செய். உன்னை வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அடுத்த பிரசவத்துக்குச் சென்னையில் பெரிய டாக்டராகப் பார்க்கலாம். அதெல்லாம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

சீக்கிரம் அனுப்பு.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
செல்வன்

*

கீரப்பாளையம்
18-08-2024

செந்தமிழ்ச்செல்வன் அவர்களுக்கு,

தமிழ்ச்செல்விக்கு என் சந்தோஷத்தைச் சொல்லுங்கள். மனசாரச் சொல்கிறேன். ஆடிப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு யாரும் எதையும் எழுதாமல் இருந்தால் போதும்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்காருகிறேன், மூன்று மாதமாக. முதல் பக்கத்தைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன், "அவரு தட்டைத் தள்ளிட்டாராம்மா" என்று. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். அம்மா உடனே திருவந்திபுரத்துக்கு யார் யார் வருவது என்று விரல் விட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் ரெண்டாவது பக்கம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்படவில்லை. பாப்பாவைப் பாயில் போட்டு, கவுனைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவைத்து, போனை எடுத்தேன். இவ்வளவுதானே, இதோடு முடிந்துவிடும், மாத்திரையைப் பூட்டினதையே பொறுத்துக்கொண்டோம், இது என்ன பெரிசு என்றுதான் நினைத்தேன். முன்பக்கம் ஒன்று எடுத்தேன். போனைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பு அவளுக்கு. பின்பக்கம் எடுக்க வேண்டுமே என்று குப்புறத் திருப்பினேன். உள்ளங்கால் தெரியட்டும் என்று காலைப் பிடித்துத் தூக்கினேன். அப்போதுதான் என் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன். சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்க்கிறவன் இப்படித்தான் பிடிப்பான். சீ என்று ஆகிவிட்டது. உங்களைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. இன்னும் ஒரு வருஷம் உங்களோடு இருந்தால் நீங்கள் கேட்காமலேயே நான் அவளைத் திருப்பித் திருப்பிக் காட்டுவேன். எடுத்ததை அழித்துவிட்டேன். கவுனை மாட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் மேலில் ஒரு தழும்புகூட இல்லை. எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். அத்தைக்காக இல்லை. நீங்கள் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்குங்கள்.

இருபத்தைந்தாம் தேதி நாங்கள் வரவில்லை. மொட்டையை இங்கேயே அடித்துக்கொள்கிறோம். என் சாமான், நகை எதற்கும் அவசரமில்லை. பேசித் தீர்க்க வேண்டியதை அப்பாவும் உங்கள் பெரியப்பாவும் உட்கார்ந்து பேசட்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதென்றால் அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். அவள் பேருக்கு முன்னால் உங்கள் இனிஷியல்தான் இருக்கிறது, அதை எடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் நீங்கள் கிளம்பி வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போதுதான் வருவீர்கள். வேண்டாம். எனக்காகச் சொல்லவில்லை. இளவரசிக்கு இன்னும் ஆள் வித்தியாசம் தெரியவில்லை. யார் கை நீட்டினாலும் தாவுகிறாள், பால்காரரிடம், போஸ்ட்மேனிடம், வழியில் போகிறவர்களிடம். நீங்கள் வந்து கை நீட்டினால் உங்களிடமும் தாவிவிடுவாள். அதை என்னால் பார்க்க முடியாது. வராதீர்கள்.

இப்படிக்கு,
இளவரசியின் அம்மா
இளமதி